உள்ளங்கையில் மஞ்சள், கண்ணில் வெள்ளை: சேலத்துக் கல்யாணப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

வந்தவருக்கு வயது 23. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை. அப்பாவும் சித்தப்பாவும் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுத்துப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். கொலுசில் முத்துக் கோப்பதும், கடைசியில் துடைத்து எடை போட்டு அடுக்குவதும் இவர் வேலை. ஆவணியில் நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். கார்த்திகைத் தொடக்கத்தில் அம்மாவும் அம்மாயியும் (அம்மாவைப் பெற்றவர்) கூட்டி வந்தார்கள். சொன்ன குறை ஒன்றுதான்: "கையும் காலும் மஞ்சளாகுதுங்க. காமாலையான்னு பாருங்க."

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் விவரங்களை மாற்றவில்லை.

மஞ்சளை முதலில் கண்டது சித்தி. ராத்திரி டியூப் லைட் வெளிச்சத்தில், மெருகு போட்டு முடித்த கொலுசை உள்ளங்கையில் ஏந்தி இவர் துடைத்துக்கொண்டிருந்தார். பளிச்சென்ற வெள்ளிக்கு அடியில் கை மட்டும் பழுத்த மாங்காய்த் தோல் போலத் தெரிந்திருக்கிறது. மறுநாள் பகலில் பார்த்தபோது அவ்வளவாகத் தெரியவில்லை. இதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நோயைக் கண்டுபிடிக்க இது நல்ல துப்பு. காமாலை மஞ்சள் பகல் வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும், விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். கரோட்டின் என்ற காய்கறி நிறமியால் வரும் மஞ்சள் விளக்கடியில் தூக்கலாகத் தெரியும்.

அதற்குப் பிறகு என்னிடம் வருவதற்குள் இரண்டு இடங்களுக்குப் போய்விட்டார்கள். ஓரிடத்தில் உள்ளங்கையை மட்டும் பார்த்துவிட்டுக் காமாலை என்று சொல்லியிருக்கிறார்கள், ரத்தம் எடுக்கவில்லை. இன்னோரிடத்தில் மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் பச்சிலை மருந்து, கூடவே பத்தியம்: எண்ணெய் கூடாது, தாளிப்பு கூடாது, கறி மீன் கூடாது. கையில் சூடு போட்டால் சீக்கிரம் இறங்கும் என்று உறவில் ஒருவர் சொல்ல, அந்தப் பெண் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் கையில் தழும்பா என்பதுதான் அவர் சொன்ன காரணம். காரணம் எதுவானாலும், அந்தப் பிடிவாதம் அவரைக் காப்பாற்றியது.

பத்தியத்தில் எல்லாம் நின்றுபோனது, ஒன்று மட்டும் நிற்கவில்லை. "ஜூஸ் மட்டும் விடலீங்க. அது ஒடம்புக்கு நல்லதுதானே?" என்றார் அம்மா.

என்ன ஜூஸ் என்று கேட்டேன். அங்கேதான் கதை திறந்தது.

தட்டில் என்ன இருந்தது

நிச்சயம் முடிந்த வாரமே, கல்யாணத்துக்குள் நிறம் வர வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டாமல், காலையில் பெரிய டம்ளர் நிறைய. உழவர் சந்தையிலிருந்து தினம் அரைக் கிலோ கேரட். அதில் பாதி இவருக்கு, பாதி 19 வயதுத் தங்கைக்கு. சாயங்காலம் பப்பாளி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அரசாணிக்காய்ப் (பரங்கிக்காய்) பொரியல். ஏற்காட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த ஆரஞ்சு கொஞ்ச நாள். தெருமுனைத் தட்டுவடை செட்டில் தூவும் கேரட் துருவலைக்கூட அம்மா மறக்காமல் சொன்னார். அது கணக்கில் வராத அளவு. ஆனால் இவ்வளவு கவனமாகச் சொல்லும் ஒரு தாய் இருந்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்த மாதிரி.

100 கிராம் பச்சைக் கேரட்டில் சுமார் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. கால் கிலோ என்றால் 20 மில்லிகிராம். அப்படியே கடித்துத் தின்றால் இதில் பெரும்பகுதி உடம்பில் சேராமல் வெளியேறிவிடும், ஏனென்றால் காயின் செல் சுவருக்குள் அது அடைபட்டுக் கிடக்கிறது. மிக்ஸியில் அரைத்தாலோ வேகவைத்து மசித்தாலோ சுவர் உடைந்து கூடுதலாகச் சேரும். கொழுப்பில் கரையும் பொருள் ஆதலால், எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால் இன்னும் அதிகம். இவர்கள் ஜூஸ் குடித்த கையோடு ஊறவைத்த பாதாம் தின்றிருக்கிறார்கள், அதுவும் நிறத்துக்காகத்தான்.

இப்படிச் சேர்ந்த கரோட்டின் ரத்தத்தில் கொழுப்புப் புரதங்களோடு, முக்கியமாக எல்.டி.எல். என்ற கொழுப்போடு, சுற்றுகிறது. மிஞ்சியது வியர்வையோடும் எண்ணெய்ச் சுரப்போடும் தோலுக்கு வந்து, மேல்தோலின் இறந்த செல் அடுக்கில் தங்குகிறது. அந்த அடுக்கு எங்கே தடிமனோ அங்கே நிறம் அதிகம்: உள்ளங்கை, உள்ளங்கால், குதிகால். மூக்கோரத்து மடிப்பிலும் தெரியும். அளவு மீறித் தின்ன ஆரம்பித்து 4 முதல் 7 வாரங்களில் இது கண்ணுக்குத் தெரிய வரும் என்று நூல்கள் சொல்கின்றன. ஆவணியில் தொடங்கிய ஜூஸ், ஐப்பசியில் தெரிந்த மஞ்சள், கணக்கு ஒத்துப்போகிறது.

இதற்குக் கரோட்டினீமியா என்று பெயர். 1919-இல் ஹெஸ், மையர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், தினமும் கேரட் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளிடம் பார்த்து இதைத் தனி நிலையாக எழுதினார்கள். தக்காளி இதே வேலையை வேறு நிறத்தில் செய்யும். அதன் சிவப்புக்குக் காரணமான லைகோப்பீன் தோலை ஆரஞ்சாக்கும். பல ஆண்டுகள் தினமும் சுமார் 2 லிட்டர் தக்காளிச் சாறு குடித்த ஒரு நடுவயதுப் பெண்ணின் நிகழ்வு 1960-இல் பதிவானது.

நம் ஊர் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாடநூல் படங்களில் வெள்ளைக்காரக் குழந்தையின் முகமே மஞ்சளாக இருக்கும். நம் தோலில் மெலனின் என்ற கருநிறமி அதிகம், முகத்து மஞ்சளை அது மூடிவிடும். அதனால் நமக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் சாட்சி. முகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. கை மஞ்சள் என்றவுடன் காமாலை என்று முடிவு கட்டவும் கூடாது.

ஜன்னலோரம்

டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நிறுத்தினேன். கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையை விரலால் தூக்கிப் பார்த்தேன். வெண்விழி முழுக்க வெள்ளை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலும் வெள்ளை. நம்மவர் பலருக்குக் கண்ணின் ஓரத்தில், இமைக்கு வெளியே தெரியும் பகுதியில் மட்டும், பழுப்பேறி இருக்கும். அது வெயிலாலும் இயல்பான நிறமியாலும் வருவது. அதை மட்டும் பார்த்துக் காமாலை என்று சொல்லிவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. காமாலையில் பிலிருபின் என்ற பித்த நிறமி வெண்விழியின் மீள்தன்மை நாரில் போய் ஒட்டிக்கொள்வதால், இமைக்குள் மறைந்த பகுதியும் சேர்ந்து ஒரே சீராக மஞ்சளாகும். கரோட்டின் அங்கே தங்குவதில்லை.

கன்னத்திலும் மஞ்சள் இருந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கன்னத்தைத் துடைத்தேன், பஞ்சு மஞ்சளானது. தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறவர். அதே ஸ்பிரிட்டில் வேறு பஞ்சை நனைத்து உள்ளங்கையைத் தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பூச்சு மஞ்சள் வேறு, உள்ளிருந்து வந்த மஞ்சள் வேறு என்பது அம்மாயிக்கு அந்த இரண்டு பஞ்சிலேயே விளங்கிவிட்டது.

பிறகு அம்மா ஒரு விஷயம் சொன்னார். கண் வெள்ளையாக இருந்தும் என்னைத் தயங்க வைத்தது அது. "ஒண்ணுக்கு நெறமா போகுதுங்க டாக்டர்." காமாலையில் சிறுநீர் கடுகெண்ணெய் போலப் போகும், துணியில் பட்டால் மஞ்சள் கறை நிற்கும். எந்த நிறம் என்று பெண்ணிடமே கேட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டு, "ரோஸ் கலர்" என்றார். பீட்ரூட். அதன் சிவப்பு நிறமி 100-இல் 10 முதல் 14 பேருக்குச் சிறுநீரில் அப்படியே இறங்கும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படும். ஆக ஒரே டம்ளர், கேரட்டால் கைக்கு ஒரு நிறத்தையும் பீட்ரூட்டால் சிறுநீருக்கு ஒரு நிறத்தையும் கொடுத்து, இரண்டும் சேர்ந்து காமாலை வேஷம் கட்டியிருக்கிறது. சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் பிலிருபின் இல்லை.

இந்த இடத்தில் "கேரட்டைக் குறையுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சொன்னதும் தப்பாக இருந்திருக்காது. என்னை நிறுத்தியது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கை.

தங்கைக்கு ஏன் இல்லை?

அதே கேரட், அதே மிக்ஸி, அதே டம்ளர். கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னேன். அக்காவின் கைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்த்தால், தங்கையின் உள்ளங்கையில் இருந்தால்தான் உண்டு என்கிற அளவு மஞ்சள். அக்காவுக்கு விரல் நுனி வரை, நகத்தின் ஓரம் வரை.

ஆளுக்கு ஆள் கரோட்டின் சேரும் விதம் மாறும், அதற்கு மரபணு வேறுபாடும் உண்டு. ஆகவே இது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. ஆனால் கேள்வி கேட்க வைக்கும். குடலில் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் சுரப்பு குறைந்தால் அந்த மாற்றம் மந்தமாகும். தைராய்டு குறைந்தால் எல்.டி.எல்.லும் ஏறும், அதாவது கரோட்டினைச் சுமக்கும் வண்டியும் அதிகமாகும். சர்க்கரை நோயிலும், புரதம் சிறுநீரில் ஒழுகும் சிறுநீரகக் கோளாறிலும், சாப்பாட்டையே வெறுத்து மெலியும் மனநோயிலும் கரோட்டினீமியா வருவதுண்டு. எனவே மறுபடி முதலிலிருந்து கேட்டேன், இந்த முறை மஞ்சளை விட்டுவிட்டு.

ஒரு வருடத்தில் 5 கிலோ கூடியிருக்கிறது. மாதவிலக்கு 8 நாள் நீள்கிறது. மலச்சிக்கல். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மதியத்துக்கு மேல் முத்துக் கோக்கும்போதே தூங்கி விழுகிறார். எல்லாரும் ஃபேன் போட்டு உட்காரும் பட்டறையில் இவர் மட்டும் ஓரமாகத் தள்ளி உட்காருகிறார். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு சமாதானம் இருந்தது: உட்கார்ந்தே வேலை, கல்யாணக் கவலை, சேலத்துத் தண்ணி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நம்பும்படியாகத்தான் இருக்கின்றன. ஒரு பெண் "அசதியா இருக்கு" என்று சொன்னால் நம் வீடுகளில் அதைக் குணமாகப் பார்ப்பார்கள், நோயாகப் பார்ப்பது அபூர்வம். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

நாடித்துடிப்பு 58. தோல் வறண்டிருந்தது. நாற்காலி மேல் மண்டியிட்டு, பாதம் வெளியே தொங்கும்படி இருக்கச் சொல்லிக் குதிகால் தசைநாரில் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். பாதம் வெடுக்கென்று பின்னால் இழுத்தது. இழுத்த பிறகு அங்கேயே ஒரு கணம் நின்று, பிறகுதான் மெல்ல மெல்ல இறங்கியது. அடுத்த கால், அதே மாதிரி. தங்கையையும் ஏறச் சொல்லித் தட்டினேன்; இழுத்த வேகத்திலேயே இறங்கியது. தைராய்டு குறைவில் தசை சுருங்குவதைவிடத் தளர்வதுதான் தாமதமாகும். ஆய்வுக்கூடம் இல்லாத மலைக் கிராமத்திலும் ஒரு சுத்தியலும் ஒரு நாற்காலியும் இருந்தால் இதைப் பார்த்துவிடலாம்.

மறுநாள் முடிவுகள் வந்தன. மொத்தப் பிலிருபின் 0.6, ஈரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. 24, ஈரலில் கோளாறில்லை. தைராய்டு குறைந்தால் ஏறும் தூண்டு ஹார்மோனான டி.எஸ்.ஹெச். 46, இருக்க வேண்டியது சுமார் 4-க்குள். தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைவு. தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. எதிர்ப்புப் புரதம் நிறைய. மொத்தக் கொழுப்பு 262, எல்.டி.எல். 178. ஹீமோகுளோபின் 10.2, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவு. சர்க்கரை சரியாக இருந்தது, சிறுநீரில் புரதம் இல்லை. ரத்தக் கரோட்டின் அளவு பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது.

நோயறிதல்: ஹஷிமோட்டோ வகைத் தைராய்டு குறைவு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவது), அதன் மேல் கேரட் மிகையால் வந்த கரோட்டினீமியா. கூடவே அதிக உதிரப்போக்கால் இரும்புச்சத்துக் குறைவு, அதனால் தூக்கலான பீட்ரூட் சிறுநீர்.

வீட்டாரோடு பேசியது

கரோட்டின் மஞ்சள் விஷமில்லை. உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றும், ஆகவே காய்கறியால் வைட்டமின் ஏ நச்சு வராது. மீன் ஈரல் எண்ணெய், வைட்டமின் ஏ மாத்திரை இவற்றின் கதை வேறு. அதில் இருப்பது ரெட்டினால் என்ற நேரடி வைட்டமின் ஏ, அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும், கருவில் ஊனம் உண்டாக்கும். கல்யாணமாகப் போகிற பெண் என்பதால் இதை அழுத்திச் சொன்னேன். பீட்டா கரோட்டினையும் மாத்திரையாக வாங்கிப் போடக் கூடாது, அதிலும் புகைபிடிக்கிறவர்கள். 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து ஃபின்லாந்தில் நடந்த ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது 1994-இல் தெரிந்தது. பட்டறையில் பீடி குடிக்கிற சித்தப்பாவுக்குப் போய்ச் சொல்லச் சொன்னேன்.

"அப்ப நெறம் வராதுங்களா?" என்று அம்மா கேட்டார். வராது என்று நேராகச் சொன்னேன். தோலின் நிறத்தை முடிவு செய்வது மெலனின். எத்தனை கிலோ கேரட் அரைத்தாலும் அது குறையாது. கேரட் தருவது மெலனின் மேல் ஒரு மஞ்சள் படிவு, நிறுத்தினால் போய்விடும். அந்தப் பெண் நல்ல மாநிறம். அவரை நிச்சயம் செய்தவர்கள் அந்த மாநிறத்தைப் பார்த்துத்தான் நிச்சயம் செய்தார்கள். அதைச் சொன்னபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து குமட்டக் குமட்டக் குடித்திருக்கிறார்.

பச்சிலையை நிறுத்தச் சொன்னேன். அம்மாயி வருத்தப்பட்டார், அவர் காலத்தில் எத்தனையோ பேருக்கு அது கேட்டிருக்கிறது என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும். அப்போது எந்த மருந்து கையில் இருந்ததோ அதற்குப் பேர் கிடைக்கும். பித்தக்குழாய் அடைப்பால் வந்த காமாலைக்கோ, காசநோய் மாத்திரையால் வந்த காமாலைக்கோ அந்தச் சில வாரங்களைக் கொடுக்க முடியாது. இவருக்கோ காமாலையே இல்லை. இதை அம்மாயியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

எடை 62 கிலோ. கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் வீதம் கணக்குப் பண்ணித் தினம் 100 மைக்ரோகிராம் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை. எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காப்பி, பால், ஜூஸ் எதுவானாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு மாத்திரை ராத்திரி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் குடலில் ஏறாது, நடுவில் 4 மணி நேரமாவது வேண்டும். கேரட்டை விலக்கவில்லை, குழம்பில், பொரியலில் எல்லாரும் சாப்பிடுகிற அளவு சாப்பிடலாம். ஜூஸ் வேண்டாம்.

கிளம்பும்போது அம்மா மட்டும் திரும்பி வந்தார். "மாப்ள வீட்ல சொல்லணுங்களா?" சொல்லுங்கள் என்றேன். மறைத்துச் சாப்பிடுகிற மாத்திரை புகுந்த வீட்டில் நாலு நாள் விட்டுப்போகும், பிறகு நின்றே போகும். கல்யாணமான முதல் வருடத்தில் தைராக்ஸினை நிறுத்தி, கரு கலைந்த பிறகு வருகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டால் எல்லாரையும் போல வேலை செய்து, எல்லாரையும் போலப் பிள்ளை பெறக்கூடிய ஒரு நிலைக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மா முடிவெடுப்பதற்குள் பெண்ணே வெளியே நின்று மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிவிட்டார். அடுத்த தடவை வந்தபோது கூட வந்தவர் அவர்தான்.

பிறகு

6 வாரம் கழித்து, கல்யாணத்துக்கு முன், டி.எஸ்.ஹெச். 9.8. மாத்திரை அளவை மாற்றவில்லை. உள்ளங்கை தங்கையின் கையோடு வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்திருந்தது. தோல் தடித்த குதிகாலில் மட்டும் கொஞ்சம் மிச்சம். மலச்சிக்கல் விட்டுப்போயிருந்தது. குதிகால் தசைநாரைத் தட்டினால் பாதம் இன்னும் லேசாகத் தயங்கித்தான் இறங்கியது. அதற்கடுத்த 6 வாரத்தில் டி.எஸ்.ஹெச். 2.2, எல்.டி.எல். 121, ஹீமோகுளோபின் 11.9. மாதவிலக்கு 5 நாள்.

இந்த நோய் குடும்பத்தில் ஓடும் என்பதால் தங்கைக்கும் அம்மாவுக்கும் பார்த்தோம். தங்கைக்குச் சரியாக இருந்தது. அம்மாவுக்கு டி.எஸ்.ஹெச். 7.4, ஃப்ரீ டி4 சரி. மருந்து தொடங்கவில்லை, மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.

பெண்ணின் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தது இது: நாள் தள்ளிப்போய்க் கரு உறுதியானால் அன்றிலிருந்தே வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9 மாத்திரை, அந்த வாரத்துக்குள்ளேயே டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும். மாப்பிள்ளை அதைத் தன் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.